வெள்ளிக்கிழமை வீட்டில் இருக்க மறுத்த நகரி கிளை

இந்த வலைப்பூவில் இதுவரை எழுதிய பயணங்கள் எல்லாம் என் சொந்தக் காசில், என் சொந்த இஷ்டத்துக்குப் போனவை. இந்த ஒன்று மட்டும் கம்பெனி அனுப்பிய பயணம். சித்தூர் மாவட்டத்து நகரியில் எங்களுக்கு ஒரு சின்னக் கிளை இருக்கிறது. அதன் மேலாளரைப் பதவியில் வைத்திருப்பதா, இறக்குவதா என்று நேரில் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டியது என் வேலை. மே மாதம் இரண்டாவது வாரம், வியாழன் கிளம்பி சனி திரும்பினேன். சென்னையிலிருந்து நகரி வழியாகத் திருப்பதி போக நினைப்பவர்களுக்கு ரயில், பஸ், சாப்பாட்டு விவரமெல்லாம் வழக்கம்போல இருக்கும். நடுவில் என் மானம் கொஞ்சம் போகும். அதையும் சேர்த்தே படியுங்கள்.

முதலில் கம்பெனி. சிறு கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் செய்கிறோம். தலைமை அலுவலகம் சென்னையில். நகரி கிளையில் இருபத்திரண்டு பேர். ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் உள்ள கடைக்காரர்கள் போன் செய்தால் தெலுங்கிலும் தமிழிலும் பதில் சொல்கிறவர்கள். ஊரை விட்டு வா என்று ஆட்களைக் கூப்பிடாமல், வேலையை ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எங்கள் இயக்குநர் பிடிவாதமாக ஆரம்பித்த கிளை அது. அதில் எனக்குப் பெருமை உண்டு. கல்யாண வீட்டில் யாராவது "எங்க வேலை பாக்கறீங்க?" என்று கேட்டால் நகரி கிளையைப் பற்றித்தான் முதலில் சொல்வேன். ஆனால் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை.

நான் இருப்பது ஊழியர் நலப் பிரிவில். இலவசச் சாப்பாடு, வண்டி வசதி, ஜிம் கூப்பன் என்று சலுகைகளுக்குத் திட்டம் போடுகிற ஆள். என் பெரிய சாதனை 'வெள்ளி வீட்டிலேயே'. வெள்ளிக்கிழமை யாரும் அலுவலகம் வரவேண்டாம், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். சென்னையில் இதற்குக் கிடைத்த கைதட்டலை நினைத்தால் இப்போதும் காது சிவக்கிறது. அன்றைக்கு சந்தோஷத்தில் சிவந்தது, இப்போது வேறு காரணத்துக்காக.

எங்கள் கம்பெனியில் ஒரு விதி உண்டு. மேலாளர் ஒருவர் மேல் புகார்ப் பெட்டியில் பெயர் போடாமல் புகார் வந்தால், தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் ஏழு நாளுக்குள் நேரில் போயே ஆகவேண்டும். போனில் விசாரிக்கக் கூடாது. புகார் நிஜமென்றால் மேலாளர் பதவி போகும். பெட்டியை வேண்டுமென்றே தவறாகப் பயன்படுத்தினால், எழுதியவருக்கு வேலையே போகும். நகரியிலிருந்து வந்த புகார் மூன்றே வரி: "வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கிளையில் கிட்டத்தட்ட யாரும் வீட்டில் இருப்பதில்லை. இதற்கு மேலாளரே பொறுப்பு. நேரில் வந்து பாருங்கள்."

வருகைப் பதிவைப் பார்த்தேன். இருபத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் வெள்ளிக்கிழமையும் வாசலில் அட்டையைத் தேய்த்து உள்ளே வந்திருந்தார்கள், வாரம் தவறாமல். எனக்கு ஆத்திரம் பொங்கியது. நான் பார்த்துப் பார்த்துச் செய்த சலுகையை ஒருவர் முடக்கி வைத்துக்கொண்டு ஆட்களை விரட்டி வேலை வாங்குகிறார் என்றே நினைத்தேன். அவரை இறக்கிவிட்டுத்தான் மறுவேலை என்ற முடிவோடுதான் பை கட்டினேன்.

வியாழக்கிழமை. பெரம்பூரில் காலை 6.40க்குத் திருத்தணி லோக்கல். டிக்கெட் இருபது ரூபாய். திருவள்ளூர் தாண்டியதும் ஜன்னலோர இடம் கிடைத்தது. 8.50க்குத் திருத்தணி. ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற தூரம்தான், ஆட்டோக்காரர்கள் சொல்வதை நம்பாதீர்கள். வெளியே நின்று இரண்டு இட்லி, ஒரு வடை, காபி, ஐம்பத்தைந்து ரூபாய். 9.20க்கு ஆந்திரா பஸ். நகரிக்குப் பதினேழு கிலோமீட்டர், முப்பத்தைந்து ரூபாய். கண்டக்டர் தெலுங்கில் கேட்டு, தமிழில் டிக்கெட் கிழித்து, மறுபடி தெலுங்கில் சில்லறை இல்லை என்றார். மாநில எல்லை எப்போது வந்தது என்றே தெரியவில்லை. கடைப் பலகைகளில் எழுத்து மாறியதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தூரத்தில் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிற பாறையோடு ஒரு மலை தெரியும். அது தெரிந்தால் நகரி வந்துவிட்டது என்று அர்த்தம்.

கிளை பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு எண்பது கேட்டார், அறுபதுக்கு இறங்கினார். கம்ப்யூட்டர் ஆபீஸ் என்றதும் முகமே மாறிவிட்டது.

"எங்க அக்கா பொண்ணு அங்கதான் சார் கீது. தெலுங்கு, தமிழு, இங்கிலீசு, மூணுலயும் பேசிக்கினு கீது. வெள்ளிக்கெழமைல மட்டும் நான்தான் நாலஞ்சு பேர ஏத்திக்கினு போவேன். அன்னிக்கு கம்பெனி வண்டி வராதே."

சொந்தக் காசில் ஆட்டோ பிடித்து வர வைக்கிறார்களா! நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். வழக்கு தானாகவே வலுத்துக்கொண்டு போனது.

கிளை ஒரு மாடிக் கட்டடத்தின் இரண்டாவது தளம். வியாழக்கிழமை பார்த்தால் எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஏசி, காபி மெஷின், சுடச்சுட இலவச மதியச் சாப்பாடு, வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் வண்டி. சுவரில் என் 'வெள்ளி வீட்டிலேயே' போஸ்டர், சோபாவில் சாய்ந்து மடிக்கணினியும் பூனையுமாகச் சிரிக்கும் பெண்ணோடு. மேலாளரின் பெயரை மாற்றி கோதை என்று வைத்துக்கொள்கிறேன். நாற்பது வயதிருக்கும். திருப்பதியில் வீடு, தினமும் ரயிலில் வந்து போகிறார். கணவர் திருமலைக் கோயில் மடைப்பள்ளியில் கைங்கர்யம் செய்கிற வைணவக் குடும்பம். "வாங்கோ, பயணம் சௌகரியமா இருந்ததா?" என்று கேட்டுவிட்டு, ஏன் வந்தீர்கள் என்று கேட்கவே இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகப் பட்டது.

விதிப்படி புகார் வந்திருப்பதை யாரிடமும் சொல்லக் கூடாது. சலுகைகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு ஒவ்வொருவராகப் பேசினேன். எங்கள் சாப்பாட்டு ஆப் கூப்பன் நகரியில் செல்லுபடியாவதில்லை, அந்த ஆப் அங்கே வருவதே இல்லை. ஜிம் கூப்பனுக்கு மிக அருகில் உள்ள ஜிம் திருப்பதியில், ஐம்பது கிலோமீட்டர். இரண்டையும் ஒரு வருடமாக நான் மாதாமாதம் தவறாமல் அனுப்பி வைத்திருக்கிறேன். கேட்கக் கேட்க நாற்காலியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து உட்கார்ந்தேன்.

கடைசியாக தேவி. இதுவும் மாற்றிய பெயர். இருபத்தெட்டு வயது, கிளையிலேயே அதிகப் போன்களுக்குப் பதில் சொல்கிறவர். நான் பக்கத்தில் நிற்கும்போதே சத்தியவேடு பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் கத்திக்கொண்டு கூப்பிட்டார். "நமஸ்காரம் அண்டி, செப்பண்டி" என்று தெலுங்கில் ஆரம்பித்து, அவர் தமிழுக்குத் தாவியதும் தானும் தாவி, நாலு நிமிஷத்தில் பில்லைச் சரிசெய்து, கடைசியில் அவரைச் சிரிக்கவும் வைத்தார். சென்னையில் இதற்கு நாங்கள் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு நடத்துகிறோம்.

"வெள்ளிக்கிழமை உங்களை வரச் சொல்லி யாராவது கட்டாயப்படுத்தறாங்களா?" என்று நேராகவே கேட்டேன்.

தேவி போஸ்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்க வூட்ல சோபா இல்ல சார்" என்றார். பிறகு, "நாளிக்கு காலைல எட்டரைக்கு எங்க வூட்டாண்ட வாங்க. வந்து பாத்துட்டு அப்பறம் கேளுங்க."

இரவு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் லாட்ஜ், எழுநூறு ரூபாய். மின்விசிறி நன்றாக ஓடியது. வெந்நீருக்கு முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை. தேவியின் தெருவுக்குள் நுழைவதற்கு முன்பே காதில் விழுந்தது. நகரி தறிக்காரர்கள் ஊர் என்று படித்திருக்கிறேன், கேட்டதில்லை. ஒவ்வொரு வீட்டின் முன்கட்டிலும் விசைத்தறி. தேவியின் வீட்டிலேயே நாலு. இடப்பக்க வீட்டில் நாலு, வலப்பக்க வீட்டில் ஆறு. கணவர் தறியிலிருந்து தலையைத் தூக்கி ஏதோ சொன்னார். வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

தேவி என்னைத் தெருமுனைக்குப் போகச் சொல்லிவிட்டு உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எனக்குப் போன் செய்தார். எடுத்தேன். தறிச் சத்தம் கேட்டது. தறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஒரு நிமிஷம் பிடித்திருந்துவிட்டு வைத்தேன். வெளியே வந்தார்.

"நான் இன்னா சொன்னேன், சொல்லுங்க சார்?"

"தெரியலம்மா."

"அதான் கஸ்டமருக்கும் தெரியல. மொத ரெண்டு வெள்ளிக்கெழம வூட்லயே குந்திக்கினு பேசுனேன். எல்லாரும் ஒத்த ஸ்டாரு குடுத்துட்டு வச்சிட்டாங்க. எங்க வூட்டுக்காரு தறிய நிறுத்தறேன்னாரு. வேணாம்னுட்டேன். நான் போன் பேசறதுக்காக நாலு தறியும் நின்னா, கூலிக்கு வர்ற ரெண்டு பேரு அன்னிக்கு இன்னா துன்னுவாங்க?"

தேவி பிறந்தது விஜயபுரம் பக்கத்து கிராமம். நைனா ஊரார் நிலத்தில் கூலிக்கு வேர்க்கடலை பிடுங்கினவர், இப்போது சொந்தமாக ஒரு ஏக்கர் வைத்துப் பயிர் செய்கிறார். இதைத் தேவி என்னிடம் சொன்னவிதம் பெரிய உத்தியோகத்தைச் சொல்கிற மாதிரி இருந்தது. அது பெரியதுதான்.

"இதை ஆபீஸ்ல சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"மேடம் சொன்னாங்களே சார்! வெள்ளிக்கெழம நாங்க ஆபீசுக்கே வந்துக்கினு இருக்கோம்னு மூணு வாட்டி எழுதிப் போட்டாங்க. சென்னைல யாரோ ஒரு ஆளு, தேங்க்ஸ்னு பதில் போட்டு மூடிட்டாராம்."

அந்த யாரோ ஒரு ஆளாகிய நான் தெருமுனையில் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். "உங்கள் கருத்துக்கு நன்றி. சலுகைகள் எல்லாக் கிளைகளுக்கும் சமம்." எங்களிடம் தயாராக இருக்கும் பதில் அது. ஒரு பட்டனைத் தட்டினால் போகும், கீழே என் பெயரோடு. நகரியிலிருந்து வந்தவை எனக்கு நினைவில்கூட இல்லை. தேவியிடம் அது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

பத்து மணிக்கு அலுவலகம். 'வெள்ளி வீட்டிலேயே' திட்டத்தில் மின்சாரம் மிச்சம் என்று நானே ஒரு வரி சேர்த்திருந்தேன். அதனால் வெள்ளிக்கிழமை ஏசி ஓடாது, சமையலறை மூடியிருக்கும், வண்டி வராது. மே மாத நகரியில் அந்தத் தளம் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். பத்தொன்பது பேரும் வீட்டிலிருந்து தூக்கி வந்த நாலு டேபிள் ஃபேனுக்கு நடுவே, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சிரித்த குரலில் கடைக்காரர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திருப்பதியில் அமைதியான வீடு உள்ள மற்ற மூவர் வீட்டிலேயே இருந்தார்கள். அவர்களைக் கோதை வரச் சொல்வதே இல்லை. கோதைக்கும் அமைதியான வீடுதான். இவர்களுக்குக் கதவைத் திறந்துவிடவேண்டும் என்பதற்காக ஐம்பது கிலோமீட்டர் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

வாரம் ஒருவர் எல்லோருக்கும் சமைத்து எடுத்து வருவது அவர்கள் ஏற்பாடு. அன்றைக்குக் கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைச் சட்னியும் கீரையும். விலைக்குக் கிடைக்காது, அதனால் உங்களுக்குச் சிபாரிசு செய்ய வழியில்லை. சென்னையில் வாடகைக்கு ஆள் பிடித்து, பலூன் கட்டி, குழு ஒற்றுமைக்கென்று நான் நடத்தும் விழாக்கள் எல்லாம் ஞாபகம் வந்தன. இவர்கள் என்னிடம் ஒரு பலூன்கூட வாங்காமல் ஒற்றுமையாக இருந்தார்கள். என் கம்பெனியில் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே இன்னோர் உருண்டை களி கேட்டு வாங்கினேன்.

சாப்பிட்டு முடிக்கும்போது தேவி கேட்டார்: "சார், கூப்பனப் பத்தி கேக்க ஒருத்தரு சென்னைலேர்ந்து இவ்ளோ தூரம் வரமாட்டாங்க. எங்க மேடம் மேல யாருனா கம்ப்ளைண்ட் குடுத்துட்டாங்களா?"

நான் குனிந்து தட்டில் மிச்சமிருந்த களியைப் பிட்டேன். அதுவே பதிலாகிவிட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பிறகு பார்ப்பதை நிறுத்தினார்கள். "யாருடா அது?" என்று ஒரு பையன் கேட்டான். கோதை பாதிச் சாப்பாட்டில் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனார்.

மாலை 5.50க்குத் திருப்பதி பாசஞ்சர், இருபது ரூபாய், பத்து நிமிஷம் தாமதம். கோதையோடுதான் ஏறினேன். கூட்டம் புத்தூரில் இறங்கிவிடும், பிறகு உட்கார இடம் கிடைக்கும். எங்களுக்கும் அங்கேதான் எதிரெதிரே இடம் கிடைத்தது. அதற்குமேல் மறைப்பதில் அர்த்தமில்லை என்று பட்டது. "உங்க மேல ஒரு புகார் வந்திருக்கு மேடம்" என்றேன்.

"தெரியும்" என்றார். "ஏழு நாளைக்குள்ள யாராவது வந்தாகணும். நீங்க அஞ்சாம் நாளே வந்துட்டேள்."

எனக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆனது. புகாரை எழுதியது கோதையேதான். தன் மேல் தானே எழுதியிருக்கிறார்.

"மூணு தடவை மரியாதையா எழுதினேன். ஏசி போடுங்கோ, சாப்பாடு குடுங்கோ, வேற ஒண்ணும் கேக்கலை. மூணு தடவையும் நன்றின்னு வந்தது. நல்லதுக்கு எழுதினா நம்ம கம்பெனியில யாரும் வரமாட்டா. மேலாளர் மேல எழுதினா வந்தே ஆகணும். எனக்குத் தெரிஞ்ச மேலாளர் நான் ஒருத்திதானே."

"அந்தப் பதில்கள்ல கீழ ஒரு பேர் இருந்திருக்கும்" என்றேன்.

"இருந்தது. நேத்திக்கு நீங்க உள்ள வந்து பேரைச் சொன்னதுமே தெரிஞ்சுது." கோபமே இல்லாமல் சொன்னார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

புகார்ப் பெட்டியைத் தவறாகப் பயன்படுத்தியதாக முடிவானால் வேலையே போகும் என்று எச்சரித்தேன். யார் எழுதினார்கள் என்று தெரியவில்லை என்றே அறிக்கை தருகிறேன், சலுகையை மாற்றச் சொல்லி மட்டும் எழுதுகிறேன் என்றேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். என் மூன்று பதில்களும் அதோடு மறைந்துவிடும் என்கிற எண்ணமும் கூடவே இருந்தது, இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கோதை தலையை ஆட்டினார். "மத்தியானம் பாத்தேளே, ஒருத்தரை ஒருத்தர் எப்படிப் பாத்துண்டான்னு. இத்தனை நாள் ஒரே தட்டுல சாப்பிட்ட குழந்தைகள். யாரோன்னு நீங்க எழுதினா அந்தச் சந்தேகம் அப்படியே நின்னுடும். இன்னிக்கு ராத்திரியே நான் அவாகிட்ட சொல்லிடறேன். நீங்க என் பேரையே போடுங்கோ. பேரில்லாம எழுதினது அந்த ஒரு தடவை போறும்."

ரேணிகுண்டாவில் வண்டி நின்று கிளம்பியது. ஏழேகாலுக்குத் திருப்பதி. அவருக்கு ஒரு பையன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான், வீட்டுக்கு முக்கியமான சம்பளம் அவருடையதுதான். வேலை போனால் அந்த ஊரில் இப்படி இன்னொன்று சுலபத்தில் கிடைக்காது. அதெல்லாம் தெரிந்துதான் அந்த மூன்று வரியை எழுதியிருக்கிறார்.

சனிக்கிழமை திருப்பதி. ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜ் ஆயிரத்து இருநூறு, வார இறுதியில் முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் கிடைக்காது. மலைக்கு நான் போகவில்லை, தரிசன டிக்கெட் இல்லாமல் வார இறுதியில் போவது புத்திசாலித்தனமில்லை. காலை ஆறு மணிக்குக் கோவிந்தராஜப் பெருமாள் கோயில், ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம், நாற்பது நிமிஷத்தில் தரிசனம். பிறகு கபில தீர்த்தம், ஆட்டோ நூறு ரூபாய். மே மாதத்தில் அருவியில் தண்ணீர் நூல் மாதிரிதான். அங்கே படியில் உட்கார்ந்து அறிக்கையை எழுதினேன். கோதையின் பெயரைப் போட்டேன். அவர் எழுதிய மூன்று கடிதங்களையும், அவற்றுக்கு நான் தட்டிவிட்ட மூன்று பதில்களையும் என் பெயரோடு அப்படியே சேர்த்தேன். அனுப்பிய பிறகு நிம்மதியாக இருந்தது. மதியம் பஸ் பிடித்து ஊர் திரும்பினேன்.

ஞாயிறு மாலை புகார்ப் பெட்டி என் போனை அலறவைத்தது. ஒன்று, இரண்டு, ஆறு, பதினொன்று. இரவுச் சாப்பாட்டுக்குள் பத்தொன்பது. நகரி கிளையில் வெள்ளிக்கிழமை வருகிற பதினெட்டு ஊழியர்களும் தங்கள் மேல் தாங்களே புகார் கொடுத்திருந்தார்கள், எல்லாம் சொந்தப் பெயரில். சில தெலுங்கில், சில தமிழில், ஒன்று ஆங்கிலத்தில் ஏகப்பட்ட பிழைகளோடு. பத்தொன்பதாவது, வெள்ளிக்கிழமை வீட்டிலேயே இருக்கிற திருப்பதிப் பையன் ஒருவனுடையது. வராமல் இருந்ததற்காகத் தன் மேல் புகார் என்று எழுதியிருந்தான். தேவியுடையது இப்படி இருந்தது: "வெள்ளிக்கெழம ஆபீசுக்கு வந்தது நானு. மேடம் வரச் சொல்லல, வந்தப்போ கதவத் தொறந்தாங்க, அவ்ளோதான். மேடத்த அனுப்புனா என்னையும் அனுப்புங்க." நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதை என் மனைவி பார்த்துவிட்டு, யாருக்கு என்ன ஆச்சு என்று பதறினாள்.

திங்கள் காலை கூட்டம். எங்கள் பிரிவின் தலைவர், விதி விதிதான், பெட்டியைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார், ஒருவருக்கு விட்டால் எல்லோரும் ஆரம்பிப்பார்கள் என்றார். இயக்குநர் புகாரின் மூன்று வரிகளையும் சத்தமாகப் படித்தார். "இதில் எந்த வரி பொய்?" என்று கேட்டார். அடுத்து என் மூன்று பதில்களையும் என்னையே எழுந்து நின்று படிக்கச் சொன்னார். படித்தேன். மூன்றும் ஒன்றே என்பதால் மூன்றாவது தடவை படிக்கும்போது குரல் எழும்பவில்லை.

"தவறாகப் பயன்படுத்தியது பெட்டியை இல்லை, அந்தப் பட்டனை" என்றார் இயக்குநர்.

கோதை பதவியில் நீடிக்கிறார். எந்தக் கிளை எந்த நாளில் வீட்டில் இருப்பது, இருப்பதா வேண்டாமா என்பதை இனி அந்தந்தக் கிளையே முடிவு செய்யும். தயார்ப் பதில் பட்டன் அன்றைக்கே நீக்கப்பட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை இயக்குநரே நகரிக்குக் கிளம்பினார், நானும் கூடப் போனேன். ஏசி ஓடியது, சமையலறை திறந்திருந்தது. பத்தொன்பது பேர் முன்னால் நின்று, அந்த யாரோ ஒரு ஆள் நான்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். தேவி, "அன்னிக்கு எங்க தெருவுலயே சொல்லியிருந்தா, வெயில்ல நிக்க வச்சிருக்க மாட்டேன் சார், உள்ள கூட்டிக்கினு போயி மோராவது குடுத்திருப்பேன்" என்றார். கோதை முதல் ஆளாகச் சிரித்தார்.

இந்த வழியில் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலை லோக்கலை விட்டால் திருத்தணி வழி நேரம் பிடிக்கும், நேராகத் திருப்பதி ரயில் பிடித்து நகரியில் இறங்கப் பாருங்கள். எல்லா ரயிலும் அங்கே நிற்காது, விசாரித்து ஏறுங்கள். நகரியில் துணி வாங்க நினைத்தால் தறி ஓடுகிற தெருவிலேயே விசாரியுங்கள், ஆனால் போனில் பேசிக்கொண்டே போகாதீர்கள், எதிர்முனையில் இருப்பவர் வைத்துவிடுவார். மே மாதம் தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். மூன்று நாளுக்கு எனக்குத் தங்க, சாப்பிட, சுற்ற எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்தது. எங்களைப் போல இன்னோர் ஊருக்கு அலுவலகத்திலிருந்து திட்டம் போடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், திட்டத்துக்கு முன்னால் டிக்கெட் போடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். இந்தப் பயணத்துக்கு முன்பு இந்தக் கம்பெனியைப் பற்றிப் பெருமையாகச் சொன்னதெல்லாம் நான் பார்க்காததைச் சொன்னது. இப்போது பார்த்துவிட்டுச் சொல்கிறேன், முன்னைவிட அதிகமாகவே.

சலுகைகளை இனி ஒரு குழு முடிவு செய்கிறது, கிளைக்கு ஒருவர். நகரி சார்பில் கோதையைக் கூப்பிட்டார்கள். அவர் தேவியைப் போடச் சொன்னார். போன வாரம் காணொளியில் முதல் கூட்டம். என் புதிய யோசனையை விளக்கினேன். தினமும் மாலை ஆறு மணிக்கு எல்லாக் கிளைகளுக்கும் ஆன்லைனில் யோகா. படங்களோடு பன்னிரண்டு பக்கம் தயார் செய்திருந்தேன்.

தேவி கடைசி வரை கேட்டார். பிறகு கை தூக்கினார். "ஆறு மணிக்கு நாங்க கம்பெனி வண்டில குலுங்கிக்கினு போவோம் சார். இது யாருக்கு?"

பன்னிரண்டு பக்கத்தையும் மூடி வைத்தேன். அடுத்த யோசனை என்ன என்று இயக்குநர் என்னைக் கேட்டார்.

"அடுத்தத நான் சொல்றேன்" என்றார் தேவி. "சார், நீங்க எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன்.